ஒரு வருடம் கூடிப்போன கார்த்திகை

போன மாதம் நம் வக்கீல் சங்கத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சங்கத்துக்கு ஆண்டு மலர் போடுகிறார்களாம். மாவட்ட அரசு வக்கீல் பதவியை நான் உதறிவிட்டு வந்த கதையை, புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கும் உங்களுக்காக எழுதித் தர வேண்டும் என்றார்கள். 'உதறிவிட்டு' என்று அவர்கள் சொன்ன தோரணையில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. காபி கொடுத்து அனுப்பிய பிறகுதான் யோசித்தேன். நான் எதையும் உதறவில்லை. ஒரு கடுதாசி எழுதினேன், அதை இரண்டு முறை கிழித்துப் போட்டு எழுதினேன், கடைசியில் எழுதியதும் பொய்.

அந்த ராஜினாமாவுக்குத் தென்காசியில் அப்போது நாலைந்து காரணங்கள் உலவின. மலை மேல் எஸ்டேட் வைத்திருந்த ஒரு முதலாளி என்னை மொத்தமாக வளைத்துப் போட்டுவிட்டார் என்றார்கள். எலெக்‌ஷனில் நிற்கப் போகிறேன் என்றார்கள். பெரிய அதிகாரி ஒருவரைக் கோர்ட் வாசலில் நிறுத்திக் கிழிகிழியென்று கிழித்துவிட்டேன் என்பதுதான் ரயிலடிப் பக்கம் ரொம்பவும் செல்லுபடியான கதை. நான் எதையும் மறுக்கவில்லை. நடந்தது ஒரு கூட்டல் பிழை. எண்ணூற்று இருபத்து நாலைக் கூட்ட வேண்டிய இடத்தில் எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டிவிட்டேன். அதைப் போய் யாரிடம் சொல்வது?

உங்களுக்குக் கொல்லம் ஆண்டு பழக்கமில்லை என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் இங்கிலீஷ் வருஷம் இருக்காது. கொல்லம் இத்தனாம் ஆண்டு, இன்ன மாதம் என்றுதான் இருக்கும். அதோடு எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் வரும் என்று நம் ஊரில் யாரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆகவே ஆவணி முதல் மார்கழிப் பாதி வரைக்கும் எண்ணூற்று இருபத்து நாலுதான் கூட்ட வேண்டும். ஜனவரி பிறந்த பிறகுதான் இருபத்தைந்து. இது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரியும் என்பதால்தான் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் செங்கோட்டை திருவாங்கூரிலிருந்து நம் பக்கம் வந்து சேர்ந்திருந்தது. சர்க்காருக்குக் கொல்லம் தேதி போட்ட கட்டுகள் வண்டி வண்டியாக வந்தன. அதைப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று மேலிடத்தில் தேடியபோது என் பெயர் அடிபட்டது. பதினைந்து வருஷம் தென்காசியில் பத்திரக் கேசுகளாகவே பார்த்தவன் நான். கொல்லம் கணக்கில் புலி என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. அந்தப் புலி உண்மையில் என் குமாஸ்தா சங்கரலிங்கம். பத்திரம் வந்ததும் பஞ்சாங்கத்தை விரித்து வைத்துத் தேதி பார்த்து, பென்சிலால் ஓரத்தில் இங்கிலீஷ் தேதியைக் குறித்துக் கொடுப்பான். நான் கோர்ட்டில் எழுந்து அதை வெகு அலட்சியமாகச் சொல்வேன். ஜட்ஜுகள் வியப்பார்கள். அந்த வியப்பை நான் ஒருநாளும் சங்கரலிங்கத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை.

பதவி வந்தது. திருநெல்வேலியில் அறை எடுத்துக்கொண்டேன், சனிக்கிழமை ரயிலில் தென்காசி வருவேன். சொந்தக் கேசும் பார்த்துக்கொள்ளலாம் என்று விதி இடம் கொடுத்தது. ஆனால் சர்க்கார் கட்டுகள் வந்து விழுந்த வேகத்தில் ஒவ்வொரு கேசாக நண்பர்களிடம் கொடுத்துவிட்டேன். சர்க்கார் கட்டுகளை வெளியாள் தொடக் கூடாது என்று இன்னொரு விதி. ஆகவே சங்கரலிங்கம் தென்காசியிலேயே என் பூட்டிய ஆபீஸைக் காத்துக்கொண்டு, யாராவது வந்தால் மனு எழுதிக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். புலியை வீட்டில் விட்டுவிட்டு அதன் தோலை மட்டும் நான் திருநெல்வேலிக்குக் கொண்டுபோயிருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்தபோது என் சீனியர் ஒன்று சொன்னார். சர்க்கார் வக்கீலுக்குக் கட்சிக்காரன் முகம் தெரியாது, எதிர்க்கட்சிக்காரன் முகம்தான் தெரியும், பார்த்து நடந்துகொள் என்றார். அதை ஏதோ வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன்.

எனக்குத் தெரிந்த எதிர்க்கட்சிக்காரன் முகம் சுடலைமுத்துவின் முகம். குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு ஓலைச் சாய்ப்பு, அதன் கீழே பெரிய கல் ஒன்று, பக்கத்தில் எண்ணெய்க் கடை. அருவியில் நிற்கப் போகிறவர்கள் அந்தக் கல்லில் உட்கார்ந்து உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக்கொண்டு போவார்கள். சுடலைமுத்துவும் அவன் ஆட்கள் மூன்று பேரும் தேய்த்துவிடுவார்கள். சாரல் விழுகிற மூன்று மாதம்தான் அவர்களுக்கு வருஷம் முழுவதும். அந்த இடம் சர்க்கார் புறம்போக்கு என்று ஒரு துறை கண்டுபிடித்தது. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. சீசனுக்கு வரும் அதிகாரிகளின் கார்களை நிழலில் நிறுத்த ஒரு இடம் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் காலச் சட்டப்படி சர்க்கார் நிலத்தில் ஒருவன் அறுபது வருஷம் யாரும் கேட்காமல் இருந்துவிட்டால், பிறகு சர்க்கார் அவனை எழுப்ப முடியாது. அறுபது முடிவதற்குள் கேஸ் போட வேண்டும். சுடலைமுத்துவிடம் அவன் தாத்தா காலத்துக் கைச்சீட்டு ஒன்று இருந்தது. பக்கத்துத் தோப்புக்காரரும் தாத்தாவும் எல்லை பேசி எழுதிக்கொண்டது. கார்த்திகை மாதம் தாத்தா அங்கே கல்லைப் போட்டு எண்ணெய்க் கடை வைத்ததாக அதில் எழுதியிருந்தது, கொல்லம் ஆண்டும் இருந்தது. துறையிலிருந்து அதன் நகலை எனக்கு அனுப்பி, இன்னும் காலம் இருக்கிறதா என்று கேட்டார்கள். அன்று என் மேஜையில் பதினோரு கட்டுகள் கிடந்தன, வாசலில் ஜீப் நின்றது. எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினேன். அறுபது வருஷத்துக்கு இன்னும் ஏழு மாதம் பாக்கி இருந்தது. உடனே தாக்கல் செய்க என்று எழுதிக் கொடுத்தேன்.

சித்திரையில் தென்காசிக் கோர்ட்டில் தாக்கல் ஆயிற்று. கை நழுவிப் போகவிருந்த சர்க்கார் நிலத்தைத் தக்க தருணத்தில் கவனித்துக் காப்பாற்றியதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதை நான் இன்றும் வைத்திருக்கிறேன்.

கேஸ் ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. சுடலைமுத்துவின் வக்கீல் மதுரைக்காரர், கல்யாணம் ஆகி மாமனார் ஊரான தென்காசியில் வந்து தொழில் வைத்தவர். நல்ல குரல் உள்ளவர். எதிராளி எழுந்தால் தானும் எழுந்து ஆட்சேபிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கொல்லம் ஆண்டு அவருக்குப் புதிது. கேஸை விசாரித்த முன்சீப் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், அவருக்கும் புதிது. கைச்சீட்டு வந்தபோது முன்சீப் என்னைப் பார்த்து, இதற்கு இங்கிலீஷ் வருஷம் என்ன என்று கேட்டார். நான் சொன்னேன். மதுரைக்காரரும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

"இந்த விஷயத்துல நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் முன்சீப்.

அந்த வாக்கியம் எனக்கு இனித்தது. பொய் சொல்லக் கூடாது.

இதற்கிடையில் ஒரு கூத்தும் நடந்துகொண்டிருந்தது. பதினைந்து வருஷமாக எனக்கு எண்ணெய் தேய்த்தவன் சுடலைமுத்து. என் கழுத்தில் ஒரு பிடிப்பு உண்டு, அது அவன் கட்டை விரலுக்குத்தான் அடங்கும். கேஸ் போட்ட வருஷம் சாரல் தொடங்கியதும் நான் வேறு ஆளிடம் போனேன். இரண்டு வாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வெட்கத்தை விட்டு அந்தப் பாதையில் நடந்தேன். சர்க்காருக்குச் சொந்தமென்று எந்தக் கல்லைச் சொல்லி மனு போட்டேனோ அதே கல்லில் அவன் துண்டை விரித்தான். நான்தான் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கினேன்.

"கேசு கோர்ட்டுல நடக்கு, அய்யா. கழுத்து இங்கன இருக்கு. ரெண்டையும் எதுக்குப் போட்டுக் கொழப்புதிய?" என்றான்.

அதற்குப் பிறகு வாதம் முடியும் வரைக்கும் கேஸைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. சட்டப்படி பேசவும் கூடாது. அது தப்பா சரியா என்று நீங்கள் உங்கள் சங்கத்தில் விவாதம் வைத்துக்கொள்ளலாம். எதிராளியின் கையில் கழுத்தைக் கொடுக்கக் கூடாது என்று எந்த விதியிலும் நான் படிக்கவில்லை.

வாதம் ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. அடுத்த வியாழக்கிழமை தீர்ப்பு. சர்க்கார் ஜெயித்துவிடும் என்று எனக்குத் தெரியும், முன்சீப்புக்குத் தெரியும், மதுரைக்காரருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் நல்ல சாரல். கூட்டம் நெரிந்தது. என்னமோ, கடைசி முறையாக அந்தக் கல்லில் உட்காரப் போகிறோம் என்ற நினைப்பு எனக்கு. அவனுக்கும் இருந்திருக்க வேண்டும். தேய்த்துக்கொண்டே கல்லைக் காலால் தட்டினான்.

"எங்கப்பனுக்கு ஊருல பேரு என்ன தெரியுமாய்யா? கல்லுத்தம்பி."

ஏன் என்று கேட்டு வைத்தேன்.

"கார்த்திகையில தாத்தா கல்லைப் போட்டாரு. எட்டு மாசங்கழிச்சு ஆடியில எங்கப்பன் பொறந்தாரு. ரெண்டும் ஒரே கொல்லந்தான். கல்லுக்கு எளையவருன்னு அப்பிடிப் பேரு வச்சுட்டாவ."

அவன் சொல்லிவிட்டு இன்னொரு கை எண்ணெய் எடுக்கத் திரும்பினான். நான் கணக்குப் போட்டேன். ஒரே கொல்லம் ஆண்டு. என் கணக்குப்படி இரண்டுக்கும் எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினால் இரண்டும் ஒரே இங்கிலீஷ் வருஷத்தில் விழும். அப்படியானால் ஆடி ஜூலையில் வந்துவிடும், கார்த்திகை நவம்பரில்தான் வரும். என் கணக்கில் கல்லுத்தம்பி கல்லுக்கு நாலு மாதம் மூத்தவன். தம்பி எப்படி அண்ணன் ஆனான் என்று ஒரு நொடி சிரிப்புக்கூட வந்தது. அடுத்த நொடி முதுகில் தேய்த்த எண்ணெய் எல்லாம் பச்சைத் தண்ணீராகிவிட்டது.

கார்த்திகைக்கு இருபத்து நாலு. கடை ஒரு வருஷம் முன்னாலேயே வைக்கப்பட்டுவிட்டது. நாங்கள் சித்திரையில் தாக்கல் செய்தபோது அறுபது வருஷம் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அந்த இடம் அவனுடையது. நான் தவறாகச் சொன்ன ஒரு எண்ணை மூன்று பேர் எழுதிக்கொண்டார்கள், அதன்மேல் தீர்ப்பு டைப் ஆகிக்கொண்டிருக்கிறது.

இதைக் கூண்டில் ஏறி நின்றபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஆரும் கேக்கலையே" என்றான் சுடலைமுத்து.

அவனிடம் அதற்கு மேல் நான் பேசக் கூடாது. அவன் எதிர்க்கட்சிக்காரன், நான் சர்க்கார் வக்கீல். அருவியில் போய் நின்றேன். தண்ணீர் மண்டையில் இடித்த இடியில் எல்லாம் கரைந்து போகாதா என்று இருந்தது. கரையவில்லை. அன்று மத்தியானம் தென்காசி ஆபீஸில் சங்கரலிங்கம் யாருடைய மனுக் கட்டுக்கோ நூல் கோத்துக்கொண்டிருந்தான். கொல்லம் இத்தனை, கார்த்திகை என்று நான் வாயெடுத்ததுமே இருபத்து நாலு என்றான். பிறகு நிமிர்ந்து, "நீங்க எத்தனை கூட்டுனிய?" என்று கேட்டான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் நூலைக் கோக்கத் தொடங்கினான்.

இனி நெருக்கடியைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களில் பலருக்கு நெருக்கடி என்றால் எதிரே யாரோ மிரட்டுவார்கள் என்ற எண்ணம் இருக்கிறது. என்னை யாரும் மிரட்டவில்லை. திங்கட்கிழமை காலை அந்த நிலத்து விவகாரங்களைக் கவனித்துவந்த அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். சென்னைக்காரர், நல்ல மனிதர், என்னை உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். தேதியைத் திருத்திக் கோர்ட்டில் சொல்ல அனுமதி வேண்டும் என்றேன்.

"எதிர்த்தரப்பு கேட்டாங்களா? ஜட்ஜ் கேட்டாரா? யாருமே கேக்காத கேள்விக்கு நீங்க எதுக்கு சார் பதில் சொல்றீங்க?" என்றார்.

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு வந்த பாராட்டுக் கடிதத்துக்குச் சிபாரிசு செய்தவரும் அவர்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் பேரிலும் மேலிடத்தில் இரண்டு நல்ல வார்த்தை ஏறியிருந்தது. எழுத்தில் கேட்டேன். எழுத்தில் பதில் வந்தது, புதன்கிழமை மாலை: நிலைமையில் மாற்றம் செய்யத் தேவையில்லை. சர்க்காரில் நான் பார்த்த மிக அழகான வாக்கியங்களில் அது ஒன்று. யாரும் யாரையும் பொய் சொல்லச் சொல்லவில்லை.

அந்த மூன்று நாட்களில் என் மனது எனக்குச் சொன்ன நியாயங்களை எழுதினால் நம் மலர் நிரம்பிவிடும். வேண்டுமென்று செய்யவில்லை, எதிர் வக்கீல் விழிப்பாக இருக்க வேண்டும், அப்பீல் இருக்கிறது, சுடலைமுத்து வேறு இடத்தில் கல்லைப் போட்டுக்கொள்ளலாம். கடைசி நியாயம்தான் எனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது: ராஜினாமா செய்துவிடலாம். புதன்கிழமை சாயங்கால ரயிலில் தென்காசிக்கு வரும்போது அந்த முடிவுக்கு வந்தேன். மனசாட்சிக்கு விரோதமாக என்று தொடங்கி இரண்டு பக்கம் மனதுக்குள்ளேயே எழுதிவிட்டேன். பாவூர்ச்சத்திரம் தாண்டும்போது எனக்கே கண் கலங்கியது. வீட்டுக்குப் போகாமல் நேரே ஆபீஸுக்குப் போய் அதைக் காகிதத்தில் எழுதி, சங்கரலிங்கத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவன் முழுவதும் கேட்டான்.

"நல்லா இருக்கு. இதைக் குடுத்துட்டியன்னா நாளைக்குக் கோர்ட்டுல ஆரு எந்திரிப்பா?"

அவன் கேட்டது நியாயமான கேள்வி. தப்பான தேதியைச் சொன்னவன் சர்க்கார் வக்கீல். அதைத் திருத்தவும் அந்த நாற்காலியில் இருப்பவனால்தான் முடியும். வெளியே வந்துவிட்டால் கட்சிக்காரனின் கட்டில் இருந்ததைப் பேச எனக்கு உரிமை கிடையாது. நான் மாலையும் கழுத்துமாக வெளியே வந்துவிடுவேன், சுடலைமுத்துவின் கல்லைப் பெயர்த்தெடுத்துவிடுவார்கள். அந்த இரண்டு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல தமிழ்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஏதாவது உண்டென்றால் இந்த வரிசைதான். முதலில் எழுந்து நில், பிறகு வெளியே போ. மாற்றிச் செய்தால் பெயர் கிடைக்கும், வேறொன்றும் நடக்காது.

வியாழக்கிழமை கோர்ட் நிரம்பியிருந்தது. சுடலைமுத்துவும் அவன் ஆட்களும் எண்ணெய் வாசனையோடு பின்சுவரில் சாய்ந்து நின்றார்கள். முன்சீப் கட்டைப் பிரித்தார். நான் எழுந்தேன். நான் கோர்ட்டுக்குச் சொன்ன ஒரு விஷயத்தைத் திருத்த அனுமதிக்க வேண்டும் என்றேன்.

மதுரைக்காரர் துள்ளி எழுந்தார். கடுமையாக ஆட்சேபிக்கிறேன் என்றார். வாதம் முடிந்து தீர்ப்புக்கு வைத்த பிறகு எதிர்த்தரப்பு ஒரு வார்த்தை பேச அனுமதிப்பதும் தன் கட்சிக்காரருக்குச் செய்யும் அநீதி என்றார். நல்ல குரல் என்று சொன்னேனே, அன்று அது வராந்தா வரைக்கும் கேட்டது. முன்சீப் அவரை உட்காரச் சொன்னார். நான் மறுபடி வாயைத் திறந்தேன், அவர் மறுபடி எழுந்தார். மூன்றாவது முறை முன்சீப் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உக்காருங்க. அவர் உங்களுக்காகத்தான் பேசறாரு போலிருக்குது" என்றார். அதையும் ஆட்சேபிக்கலாமா என்று மதுரைக்காரர் ஒரு கணம் யோசித்தார் என்றே நினைக்கிறேன்.

சொன்னேன். கார்த்திகைக்கு எண்ணூற்று இருபத்து நாலு, நான் ஒன்று கூட்டிச் சொல்லிவிட்டேன், தவறு என்னுடையது, என் கட்சிக்காரருடையது அல்ல. அந்தத் தேதியை அடிப்படையாக வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாலு வாக்கியம், உட்கார்ந்துவிட்டேன். பஞ்சாங்கம் கொண்டுவரச் சொன்னார்கள். கோர்ட்டில் பஞ்சாங்கம் இல்லை. வாசலில் தயாராக நின்றிருந்த சங்கரலிங்கம் அக்குளிலிருந்து எடுத்துக் கொடுத்தான். முன்சீப் வெகுநேரம் புரட்டினார். பிறகு என்னைப் பார்த்தார். அதில் கோபமும் இருந்தது, அவர் டைப் செய்து வைத்த தீர்ப்பு பதினெட்டுப் பக்கம். அடுத்த வாரம் புதுத் தீர்ப்பு வந்தது. சர்க்கார் தோற்றது.

நான் எழுந்து பேசிய வியாழக்கிழமை பிற்பகலே ராஜினாமாவை எழுதினேன். கட்சிக்காரர் சொன்னதை மீறி நடந்தவன் அவர் வக்கீலாக நீடிப்பது முறையில்லை என்பது ஒரு காரணம். அவர்கள் போகச் சொல்வதற்குள் போய்விட வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரியது. உடல்நிலை காரணமாக என்று எழுதினேன். குற்றாலத்தில் வாரம் தவறாமல் குளிக்கிறவனுக்கு என்ன வியாதி என்று கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று அதையும் கிழித்தேன். சொந்தத் தொழிலைக் கவனிக்க வேண்டியிருப்பதால் என்று எழுதி அனுப்பினேன். அன்றைய தேதிக்கு எனக்குச் சொந்தமாக ஒரு கேஸ்கூடக் கிடையாது. அதற்கும் சர்க்கார் மூன்றே நாளில் பதில் போட்டுவிட்டது. பாராட்டுக் கடிதத்தை மட்டும் திரும்பக் கேட்கவில்லை, மறந்துவிட்டார்கள்.

சரி, உண்மை பேசியவனைத் தேடி ஜனங்கள் திரண்டு வந்தார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்திருந்தால், உங்களுக்கு இன்னும் கட்சிக்காரர்களைத் தெரியவில்லை. தன் கேஸைத் தானே தோற்றுக் கொடுத்த வக்கீல் என்று எனக்குப் பெயர் நிலைத்துவிட்டது. ஆலங்குளத்திலிருந்து ஒரு பெரியவர் பத்திரக் கட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். கட்டைப் பிரிக்கும் முன் ஒன்று கேட்க வேண்டும் என்றார்.

"நம்ம கேசுல ஏதும் கோளாறு ஒங்க கண்ணுல பட்டுதுன்னா, அதையும் எந்திரிச்சு சொல்லிருவியளோ?"

தெரிந்து பொய் சொல்ல மாட்டேன் என்றேன். அவர் மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார். தாகமாக இருக்கிறது, கடையில் கலர் சோடா குடித்துவிட்டு வருகிறேன் என்று கட்டோடு இறங்கிப் போனார். சங்கரலிங்கம் சாயங்காலம் வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குற்றாலத்தில் வேறொரு கதை ஓடியது. மதுரைக்காரர் போட்ட சத்தத்தில் சர்க்கார் வக்கீலே அரண்டுபோய் ஒப்புக்கொண்டுவிட்டார் என்பது அது. சுடலைமுத்து அவருக்கு ரோஜா மாலை போட்டான். எனக்கு வருத்தமாக இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு சீசன் முழுவதும் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன், பிறகு கழுத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

தொழில் திரும்பி வர மூன்று வருஷம் ஆயிற்று. வந்தது நான் நினைத்த வழியில் வரவில்லை. கொல்லம் தேதி போட்ட பத்திரம் எந்தக் கோர்ட்டில் வந்தாலும், அவரிடம் காட்டித் தேதியை வாங்கி வாருங்கள் என்று ஜட்ஜுகள் சொல்லத் தொடங்கினார்கள். இரண்டு கட்சியும் ஒன்றாக வந்து உட்காரும். பண்பொழியிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'இருபத்தஞ்சு வக்கீல்' என்று பெயர். ஒரு முறை தப்பாகக் கூட்டியதை ஒப்புக்கொண்டதால், அதற்குப் பிறகு நான் கூட்டியதெல்லாம் சரி என்று ஊர் முடிவு செய்துவிட்டது. தர்க்கத்தில் இது நிற்காது. எனக்குச் சோறு போட்டது.

நான் திரும்பி வந்து ஆறாவது வருஷமோ ஏழாவது வருஷமோ, சுடலைமுத்து என் ஆபீஸுக்கு வந்தான். கல்லில் பாதி தனக்கு என்று அவன் மைத்துனன் கேஸ் போட்டிருந்தான். சட்டைப் பையிலிருந்து வேறொரு பழைய சீட்டை எடுத்து மேஜையில் வைத்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. கடைசியில் வந்துவிட்டான் என்று நினைத்தேன். வக்காலத்துத் தாளை எடுக்கச் சொல்லிச் சங்கரலிங்கத்துக்குச் சாடை காட்டினேன். சுடலைமுத்து கையை நீட்டித் தடுத்தான்.

"கேசு மதுரை வக்கீலுகிட்டக் குடுத்துட்டேன், அய்யா. தான் செயிக்கப் போறதையே மறிச்ச மனுசன், மச்சினனைச் சும்மா விடுவாரா? நீங்க நல்லவுக. கேசுக்கு அது தோதுப்படாது."

பிறகு எதற்கு வந்தாய் என்றேன். கொஞ்சம் கடுப்பாகத்தான் கேட்டேன்.

அவன் சீட்டை என் பக்கம் தள்ளினான். "இதுல தேதியை மட்டும் பாத்துச் சொல்லுங்க. அன்னைக்குக் கோர்ட்டுல நீங்க எதுக்கு எந்திரிச்சியன்னு எனக்குத் தெரியும். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பார்த்தேன். இதிலும் கார்த்திகைதான். எண்ணூற்று இருபத்து நாலைக் கூட்டிச் சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டு எழுந்தான். நான் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, சங்கரலிங்கத்திடம் பஞ்சாங்கத்தை எடுத்து இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்.